நக்கோன் சி தம்மராத்: மெய்க்கீர்த்தி சொன்னதும் குளம் சொன்னதும்

தாய்லாந்து என்று சொன்னதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று மூன்று பெயர் வரும். பெரியவர்களுக்கு ஒரே பெயர்தான் வரும்: கடாரம். அந்தக் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கிறது, தாய்லாந்தில் இல்லை என்பதைக்கூடப் பலர் கவனிப்பதில்லை. பொங்கல் விழாவானாலும் ஆண்டு விழாவானாலும் மேடைக்கு வருகிற பேச்சாளர், "தென்கிழக்கு ஆசியா முழுவதையும் ஆண்டவன் தமிழன்" என்று ஒரு போடு போடுவார். நாமும் கைதட்டி விடுவோம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நாற்பது ஆண்டுகளாக நான் கேட்டு வரும் வசனம் இது. விழா மலர்களில் வருகிற கட்டுரைகளும் இதே பாட்டைத்தான் பாடுகின்றன.

இந்த வசனத்தை ஒரே ஓர் ஊரை வைத்து உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த ஊர் தென் தாய்லாந்தில் வளைகுடாக் கரையை ஒட்டி இருக்கும் பழம்பெரும் மாகாணத் தலைநகரான நக்கோன் சி தம்மராத். நான் பல்கலைக்கழகம் போனவனல்லன். பித்தளைப் பாத்திரமும் எவர்சில்வரும் எடை போட்டு விற்றுப் பிழைத்தவன். ஆனால் பேரேட்டில் எது வரவு, எது வாய்ச்சொல் என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தோடுதான் வரலாற்றையும் படிக்கிறேன்.

ஊரும் பெயரும்

‘நகர ஸ்ரீ தர்மராஜ’ என்பதைத்தான் தாய் மக்கள் நக்கோன் சி தம்மராத் என்று ஒலிக்கிறார்கள். அதற்கு முந்தைய அரசின் பெயர் தாம்பிரலிங்கம். தாம்பிரம் என்றால் செம்பு. பாத்திரக்காரனுக்குப் பிடித்த பெயர்தான்! ஆனாலும் இவையெல்லாம் வடமொழி, பாலி வழி வந்த பெயர்கள். இவற்றைத் தமிழ் வேர்ச்சொல்லாகப் பிரித்துக் காட்டும் வித்தையை நம் ஆட்கள் சிலர் செய்கிறார்கள். அது வேண்டாத வேலை.

இந்த ஊரின் நடுநாயகம் வாட் பிரா மகாதாட் என்னும் பௌத்தப் பெருவிகாரை. அதன் தூபி இலங்கைப் பாணியில், மணியைக் கவிழ்த்து வைத்தது போல எழுந்து, உச்சியில் பொன்னால் வேயப்பட்டு நிற்கிறது. புத்தரின் பல் இந்தியாவின் தந்தபுரத்திலிருந்து கடல் வழியே வந்து சேர்ந்த கதையை அவ்வூரார் சொல்வார்கள். மாக பூசை நாளில் மிக நீளமான துணியை ஊர்கூடி ஏந்திவந்து தூபியைச் சுற்றிக் கட்டுவார்கள். இந்த விகாரை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2012ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது.

வெள்ளியில் கோலம் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கிய கறுப்புக் கலவையை ஊட்டி மெருகேற்றும் வேலைக்கு இந்த நகரம் பேர்போனது. கிண்ணம், தட்டு, வெற்றிலைச் செப்பு என்று செய்கிறார்கள். என் தொழிலில் ஊறிய கண்ணுக்கு அந்தக் கறுப்பு வெள்ளி வேலை பெரிய அதிசயம். தோல் பாவைக் கூத்துக்கும் இந்த ஊர் பெயர் பெற்றது. சைவ, வைணவச் சுவடுகளும் உண்டு. நகரின் பிரதான வீதியில் சிவனுக்கு ஒரு சிறு கோயில், எதிர்ப்புறம் நாராயணனுக்கு ஒன்று. பௌத்தமும் வைதிகமும் உள்ளூர்க் கைத்திறனும் ஒரே தெருவில் ஒட்டி வாழ்கிற ஊர் என்று சொல்லலாம். இதில் தமிழனின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மெய்க்கீர்த்தி என்னும் விளம்பரம்

முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டு கடல் கடந்து படை அனுப்பினான். ஸ்ரீவிசயத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தான், செல்வத்தைக் கவர்ந்தான், ஸ்ரீவிசயம் முதல் கடாரம் வரை பத்துக்கும் மேற்பட்ட ஊர்களை வென்றான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் அது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் வரும் மாதமாலிங்கம் என்பதே தாம்பிரலிங்கம், அதாவது நம் நக்கோன் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட முடிவு. தலைத்தக்கோலம் என்பதை மேற்குக் கரையிலுள்ள தகுவாபா வட்டாரமாகக் கொள்வோர் பலர்.

படையெடுப்பு நடந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படையெடுப்பு வேறு, ஆட்சி வேறு. இலங்கையில் சோழர் ஆண்டதற்குக் கணக்கு இருக்கிறது. நாட்டுக்கு மும்முடிச்சோழ மண்டலம் என்று பெயர் வைத்தார்கள், பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள், கோயில் கட்டினார்கள், நிவந்தம் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் கல்லில் எழுதினார்கள். நக்கோனில் அப்படி ஒரு மண்டலமும் இல்லை, வரி வாங்கிய சோழ அதிகாரியும் இல்லை. ஒருமுறை வந்து அடித்துவிட்டுப் போனதை ‘ஆண்டோம்’ என்று எழுதுவது, ஒரு நாள் கடை விரித்தவன் சந்தையே என்னுடையது என்று பத்திரம் எழுதுவது போலத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெய்க்கீர்த்தி எழுதிய அரசவைப் புலவனே, தலைத்தக்கோலத்தைக் கலைகளில் தேர்ந்தவர்கள் புகழும் ஊர் என்று சிறப்பித்திருக்கிறான். தோற்ற ஊரின் பெருமையை வென்றவனின் புலவன் மறைக்கவில்லை. நம் மேடைப் பேச்சாளர்களுக்கு அந்தப் பெருந்தன்மைகூட இல்லாமல் போய்விட்டது.

கதை ஒருவழிப் பாதையும் இல்லை. இருநூறு ஆண்டு கழித்து அதே தாம்பிரலிங்கத்திலிருந்து சந்திரபானு என்ற மன்னன் கிளம்பினான். 1230ஆம் ஆண்டைச் சேர்ந்த அவனுடைய வடமொழிக் கல்வெட்டு சையா என்ற ஊரில் கிடைத்தது. 1247இல் இலங்கை மீது படையெடுத்தான். 1262 வாக்கில் இரண்டாம் முறை வந்தபோது சோழ, பாண்டிய நாட்டு வீரர்களையும் தன் படையில் சேர்த்துக்கொண்டான் என்று இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. சடையவர்மன் வீரபாண்டியனின் கல்வெட்டோ சாவகனை வென்றதைப் பெருமையாகப் பேசுகிறது. ஆகத் தமிழ் வீரன் இவன் பக்கமும் நின்றான், எதிர்ப் பக்கமும் நின்றான். இந்தக் கதையை எந்த மேடையில் கேட்டிருக்கிறோம்?

ஒரு குளமும் ஓர் அடைக்கலமும்

இனி வரவுப் பக்கத்துக்கு வருவோம். நக்கோன் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கிடைத்த இடம் தகுவாபா ஆற்றோரம், அவ்வூரார் நாராயணன் மலை என்று அழைக்கும் இடம். அங்கே திருமாலும் உடனிருப்போருமாக மூன்று கற்சிலைகள் இருந்தன. மரம் வளர்ந்து சிலைகளையே கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. கல்வெட்டை ஹுல்ஷ் 1913இல் வெளியிட்டார். நீலகண்ட சாஸ்திரியார் 1932இலும் 1949இலும் விரிவாக ஆராய்ந்தார்.

கல் சிதைந்திருந்தாலும் சாரம் விளங்குகிறது. நாங்கூர் உடையான் ஒருவன் ஒரு குளம் தோண்டினான். குளத்தின் பெயர் அவனிநாரணம். அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம். விஷயம் இவ்வளவுதான். மன்னர் புகழ் இல்லை, வென்ற ஊர்ப் பட்டியல் இல்லை.

இதை ஒரு வியாபாரி எப்படிப் படிப்பான் என்று சொல்கிறேன். நாங்கூர் என்பது சீர்காழிப் பக்கம், காவிரிப்பூம்பட்டினத்துக்கு அண்மையில் உள்ள திருநாங்கூர் வட்டாரம். அங்கிருந்து கடல் தாண்டிப் போனவனுக்கு அங்கே முதலில் என்ன தேவை? குடிக்க நல்ல தண்ணீர். பருவக்காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமே! ஆகவே குளம். வெட்டியவன் நாளை ஊர் திரும்பலாம், இறந்தும் போகலாம். அதனால் அதை மணிக்கிராமம் என்ற வணிகர் சங்கத்தின் பொறுப்பில் விட்டான். இதே மணிக்கிராமம் கேரளத்தில் 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் வருகிறது. ‘அடைக்கலம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதுகாக்க வேண்டிய பொறுப்பு என்று பொருள். நம் பாஷையில் சொன்னால் டிரஸ்ட் பத்திரம்.

காலத்தையும் பாருங்கள். அவனிநாரணன் என்பது நந்திக்கலம்பகத்தின் நாயகனான மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதாவது இராசேந்திரன் கப்பல் போவதற்கு ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டு முன்பே அங்கே தமிழன் குளம் வெட்டிக் குடியிருந்திருக்கிறான். எவரையும் வெல்லாமல் போனவன். உள்ளூர் அரசன் அனுமதி இல்லாமல் குளம் வெட்டியிருக்க முடியுமா?

வணிகன் எல்லாம் சாது என்று நான் சொல்ல வரவில்லை. சேனாமுகம் என்பது படையோடு தொடர்புடைய சொல். வணிகக் குழுக்கள் தங்கள் சரக்கைக் காக்க ஆயுதம் தாங்கிய வீரர்களை வைத்திருந்தன. இராசேந்திரன் படையெடுப்புக்கே வணிகப் போட்டிதான் காரணம் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. ஆனாலும் அந்த மண்ணில் கல்லில் எழுதி விட்டுவந்தது குளம்தான், போர் அல்ல.

இது ஒன்று மட்டும் என்றால் விட்டுவிடலாம். சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவுடையது. பர்மாவின் பகானில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நானாதேசி விண்ணகருக்கு மண்டபம் எடுத்தவன் மலைமண்டலத்து வணிகன். சீனத்துச் சுவான்சௌவில் 1281இல் சிவாலயம் எடுத்த தமிழன், அதை அந்நாட்டுப் பேரரசனின் உடல் நலத்துக்காக எடுத்தான். எல்லாம் கொடை, கட்டணம், கோயில், மண்டபம். இருக்கிற நாட்டு மன்னனை மதித்து வாழ்ந்தவர்களின் பத்திரங்கள் இவை.

பெரும்பத்தன் கல்

இன்னும் பின்னே போனால் இன்னும் சிறியதொரு பொருள் கிடைக்கிறது. நக்கோனுக்குத் தென்மேற்கே கிராபி மாகாணத்தில் குலாங் தோம் என்ற ஊர் உண்டு. மணிகள் குவியல் குவியலாகக் கிடைக்கும் பழைய துறைமுகம். அங்கே கிடைத்த ஒரு சிறு கல்லில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பத்தன் கல்’ என்று எழுதியிருக்கிறது. பத்தன் என்றால் பொற்கொல்லன். அது தங்கம் உரசிப் பார்க்கும் உரைகல். கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். தன் உரைகல் அடுத்தவனுடையதோடு கலந்துவிடக் கூடாதென்று பேர் எழுதி வைத்திருக்கிறான் பாருங்கள்! எவர்சில்வர் சொம்பில் பேர் வெட்டித் தரச் சொல்லும் நம் வீட்டம்மாக்களின் அதே புத்தி. என் கடையில் எத்தனை ஆயிரம் பேர் வெட்டியிருப்போம்!

ரானோங் மாகாணத்தில் பூ காவ் தோங் என்ற இடத்தில் 2006இல் தாய், பிரெஞ்சு அறிஞர்கள் அகழ்ந்தபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. மூன்று எழுத்துத்தான் மிச்சம். அது ‘துறவோன்’ என்ற சொல்லின் பகுதியாக இருக்கலாம் என்றார் ஐராவதம் மகாதேவன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. சமணனான எனக்கு, "ஆகா, நம் முனிவர் ஒருவர்" என்று சொல்லிக்கொள்ள ஆசை வராதா? வரும். ஆனால் எங்கள் முனிவர்கள் கால்நடையாகவே செல்ல வேண்டும் என்பது விதி. கப்பலேறி மாதக்கணக்கில் கடலில் போவது அந்த விதிக்குப் பொருந்தாது. பௌத்தத் துறவி என்று மகாதேவன் கொண்டதே பொருத்தம். ஆசைக்குச் சான்று வளைந்து கொடுக்காது. சமணனுக்கு இது பொருந்துமானால் எல்லாத் தமிழனுக்கும் பொருந்தும்.

திருவெம்பாவை போன வழி

"தாய்லாந்து அரண்மனையிலேயே திருவெம்பாவை பாடுகிறார்கள்" என்பது மேடையில் அடிக்கடி கேட்கும் இன்னொரு வசனம். இதில் உண்மை இருக்கிறது. பாங்காக்கில் 1784இல் கட்டப்பட்ட பிராமணர் கோயிலில் ‘திரியம்பாவை’ என்னும் சடங்கு நடக்கிறது. அதில் திருவெம்பாவைப் பாடல்கள் ஓதப்பட்டு வந்ததைத் தனிநாயகம் அடிகளார் உள்ளிட்டோர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். மாபெரும் ஊஞ்சலில் ஆடும் பகுதி 1935இல் நிறுத்தப்பட்டது. பூசை தொடர்ந்தது. அரண்மனைப் பிராமணர் குடும்பங்கள் பல நக்கோன் வழியாக வந்தவை என்பது அவர்கள் மரபு. நக்கோனிலும் சிவன் கோயிலருகே ஓர் ஊஞ்சல் கம்பம் நிற்கிறது.

நாம் என்ன சொல்கிறோம்? "பார், தமிழை அவனுக்குக் கொடுத்தோம்." நான் வேறு மாதிரி கேட்கிறேன். ஓதுகிறவருக்கே பொருள் தெரியாத ஒரு பாட்டை, எத்தனையோ தலைமுறை, எழுத்தும் ஒலியும் மாறி மாறிப் போனாலும் விடாமல் காத்தவன் யார்? அந்த நாட்டுக்காரன். பாராட்டு பாதி அவனுக்குப் போக வேண்டாமா? நம் செம்பூர் வீடுகளில் மார்கழியில் எத்தனை பிள்ளைகள் அதைச் சொல்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பெருமை பேசலாம்.

குடியேற்றம் என்ற பழைய மோகம்

இந்த ஆண்ட கதை எங்கிருந்து வந்தது? 1926இல் கல்கத்தாவில் ‘பேரிந்தியச் சங்கம்’ தொடங்கினார்கள். ஆர்.சி. மஜும்தார் போன்ற பெரிய அறிஞர்கள் தூர கிழக்கு நாடுகளை இந்தியரின் குடியேற்ற நாடுகள் என்றே எழுதினார்கள். வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்டிருந்த காலம். "எங்களுக்கும் ஒருநாள் காலனி இருந்தது" என்று சொன்னால் மனசுக்கு ஆறுதல். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் பிறகு ஆராய்ச்சி வெகுதூரம் போய்விட்டது. அந்தந்த நாட்டு மன்னர்களும் மக்களும் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் வழியில் மாற்றிக்கொண்டார்கள் என்றே இன்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் 2009இல் வெளிவந்த ‘நாகப்பட்டினத்திலிருந்து சுவர்ணத்வீபம்’ பற்றிய ஆங்கிலத் தொகுப்பு சோழர் கடற்படையெடுப்பைப் பல கோணத்தில் அலசுகிறது. நம் மலர்க் கட்டுரைகள் மட்டும் 1926இலேயே நின்றுவிட்டன. விடுதலை கிடைத்த பிறகும் ஆண்டவனின் மோகம் நம்மை விடவில்லை.

மும்பையில் இருந்துகொண்டு இதை ஏன் சொல்கிறேன்

நாமும் வந்தேறிகள். ஆயிரம் ஆண்டு முன்பு நாங்கூரான் போனது போல, திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தார்கள். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாட்டுங்காவுக்குக் கணக்கெழுத வந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து எங்களைப் போன்றவர்கள் பாத்திர மூட்டையோடு வந்தோம். 1960களின் கடைசியில் தென்னிந்தியருக்கு எதிராகக் கூச்சல் எழுந்தபோது என் தகப்பனார் பட்டப்பகலில் கடைக் கதவை இறக்கிப் பூட்டியதைப் பார்த்த சிறுவன் நான். "இது எங்க ஊர், நீ யார்?" என்று கேட்டால் வயிற்றில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட நாமே இன்னொரு நாட்டைப் பார்த்து, "இது எங்க தாத்தா ஆண்ட ஊர்" என்று ஒலிபெருக்கியில் சொல்லலாமா? தாய்லாந்திலிருந்து ஒரு விருந்தினர் அந்த அவையில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்? நம் பேரப்பிள்ளைகள் என்ன பாடம் கற்பார்கள்? வந்த ஊரில் வென்றவன்தான் மதிப்புள்ளவன் என்றால், இந்த ஊரில் யாரையும் வெல்லாத தாத்தா அவர்களுக்கு எம்மாத்திரம்?

உண்மையில் நம் தாத்தாக்கள் செய்தது குளம் வெட்டியவன் செய்ததைத்தான். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் மாட்டுங்காவில் பள்ளி தொடங்கியது. இன்று அந்த நிறுவனங்களில் எல்லா மொழிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தாராவியிலும் சயானிலும் சங்கங்கள், படிப்பகங்கள், கோயில்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஓர் அவனிநாரணம். ஒவ்வொன்றும் அடுத்து வருகிறவனுக்கு அடைக்கலம்.

ஆகையால் விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இரண்டு. பிள்ளைகளுக்கான வினாடி வினாவில் "கடாரம் கொண்டான் யார்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "தகுவாபாவில் குளம் தோண்டியவன் எந்த ஊர்க்காரன்?" என்றும் கேளுங்கள். தாய்லாந்து சுற்றுலா போகிறவர்கள் புக்கெட்டோடு திரும்பாமல் ஒரு நாள் கூட்டி, நக்கோன் அருங்காட்சியகத்துக்கும் மகாதாட்டுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அங்கே போனதும் "நம்ம ஊருடா" என்று சொல்லாதீர்கள். "நம்ம ஆள் ஒருத்தன் இங்கே வந்தான், தண்ணிக்கு வழி செஞ்சான், இவங்க அந்தக் கல்லை இன்னிக்கும் பத்திரமா வெச்சிருக்காங்க" என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.